ஒரு சாண் வழவழப்பு

உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொல்கிறேன், ஐயா. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. தேதி சரி, வண்டியின் அளவு சரி, என் தம்பி விழுந்த உயரத்தைக்கூட அங்குலம் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ‘பின்சக்கர பிரேக்கைப் பொருத்தியதில் மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. இருபத்திரண்டு வருடமாகச் சக்கரம் கோக்கிறேன். என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்லியிருக்கிறார்கள், வாய் செத்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள். கவனம் போதாது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

உட்காருங்கள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். சுவரோரமாகப் போட்டுக்கொண்டால் ஆடாது.

நீங்கள் சைக்கிள் சாகசக் குழுவின் அலுவலகத்திலிருந்து வருகிறீர்கள். மேடையில் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள், பட்டறையில் பார்த்திருக்க மாட்டீர்கள். இதற்கு சீட் கிடையாது. உட்கார்ந்து ஊர் சுற்றுவதற்கான சைக்கிள் இல்லை இது, தாவுவதற்கு. ஓட்டுகிறவன் பின்சக்கரத்தில் மட்டும் நின்று, ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குத் துள்ளுவான். மேலே போய் இறங்கும்போது முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அவனைத் தாங்கிப் பிடிப்பது பின்பிரேக்கின் மேல் இருக்கும் ஒரே ஒரு விரல். பிரேக் கட்டை ரிம்மை விட்டு வழுக்கினால் சக்கரம் பின்னால் உருளும், ஆள் மல்லாந்து போவான்.

அதனால்தான் புது ரிம்மை அப்படியே போட மாட்டோம். பளபளவென்று வரும் ரிம்மின் இரண்டு பக்கத்தையும் கிரைண்டிங் மிஷினால் கீறிச் சொரசொரப்பாக்குவோம். அந்தச் சொரசொரப்பில் கட்டை கவ்வினால் சக்கரம் கல் மாதிரி நின்றுவிடும். வழவழப்பான இடத்தில் அந்தக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. கீறும் வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கியதில்லை. அன்றும் நடுங்கவில்லை.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லை. பட்டறைக்குப் பின்னால் அவன் பழகுவதற்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தேன். முதலில் முழங்கால் உயரத்துக்குப் பலகை அடுக்கு, அடுத்து கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளை, அப்புறம் கழுத்து உயரச் சுவர், கடைசியில் பழைய இரும்புக் கன்டெய்னர். எட்டரை அடி. சொல்லி வைத்தாற்போல் நாலே தாவல். பதினோரு வருடம், மழை பெய்யாத ஒவ்வொரு சாயங்காலமும், அவன் மேலே தாவுவான், நான் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பேன். எத்தனை தடவை பிடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. என் இடது தோள் இன்னும் முழுதாகத் தூக்க வராது.

களைத்துப்போனேன், ஐயா. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை அது.

உங்கள் குழுவில் இடம் கிடைத்த செய்தியை அவன் சாப்பாட்டு மேசையில் சொன்னான். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தான்.

“அண்ணே, எடுத்துட்டாங்க. ஊர் ஊராப் போகணுமாம். மெக்கானிக்கும் அவங்களே வச்சிருக்காங்க. இனிமே உனக்கு ரெஸ்ட்டுதான், போ.”

அவன் மனதில் கள்ளம் இல்லை. என்னை நினைத்துத்தான் சொன்னான். என் மனைவியும் அவன் பக்கம்தான் பேசினாள். “போகட்டுமே. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் கைய விரிச்சுக்கிட்டு நிப்பீங்க?” என்றாள். இரண்டு பேரும் எனக்கு நல்லது நினைத்தார்கள். நான் தலையாட்டினேன். மீதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவினேன், அவ்வளவுதான்.

குழு அனுப்பிய புது வண்டி பெட்டியில் பாகம் பாகமாக வந்தது. அவன் கிளம்ப எட்டு நாள் இருந்தது. “கடைசியா இத மட்டும் நீயே மாட்டிக் குடுண்ணே. உன் கை பட்டாத்தான் எனக்குத் தைரியம்” என்றான். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

கண்ணும் கருத்துமாகத்தான் செய்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, தட்டிப் பார்த்து, ஒரே சத்தம் வரும் வரைக்கும் முறுக்கினேன். கோணல் தட்டாமல் பெண்டு எடுத்தேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி, சுற்று முழுக்க மாறவில்லை. பிரேக் குழாயில் எண்ணெய் ஏற்றிக் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வடித்தேன். பிறகு ரிம்மைக் கீறினேன். ஒரு சாண் நீளத்தை மட்டும் கீறாமல் விட்டுவிட்டேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாதபடி மெல்லிய உப்புத்தாளால் லேசாகக் கோடு போட்டேன். தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் நான் மாட்டிய வண்டியை அவன் தொட்டுப் பார்க்க மாட்டான். “அண்ணன் போட்டாப் போட்டதுதான்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

ஒரு சாண் இடம் எப்படிச் சரியாக அந்த நேரத்தில் கட்டைக்கு நேரே வந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. தம்பிக்கு ஒரு ராசி உண்டு. பின்சக்கரத்தின் காற்றடிக்கும் வால்வு தரையைப் பார்த்து இருந்தால்தான் கிளம்புவான். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, வால்வைக் கீழே கொண்டுவந்து வைத்த பிறகுதான் மிதிப்பான். பாதையும் ஒன்று, தாவலும் ஒன்று. பதினோரு வருடப் பழக்கம் என்பதால் மிதியும் ஒன்றுதான். ஒவ்வொரு தாவலுக்கும் சக்கரம் எவ்வளவு நகரும் என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. புது வண்டியின் அளவும் செயின் பற்களும் பழைய வண்டியுடையதேதான் என்பதால், பழைய ரிம்மில் மூன்று நாள் சாக்பீஸால் குறித்துப் பார்த்தேன். மர உருளையில் இறங்கும்போது கட்டை கவ்வுகிற இடத்துக்கு வெள்ளைக் குறி, கன்டெய்னர் மேல் இறங்கும்போது கவ்வுகிற இடத்துக்கு நீலக் குறி. “என்னண்ணே இது?” என்றான். “புது வண்டிக்கு அளவு” என்றேன். அது பொய்யும் இல்லை.

அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் நினைத்தேன். சின்னதாக ஒரு சுளுக்கு, மிஞ்சிப்போனால் ஒரு எலும்பு. இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தால் குழு வேறு ஆளை எடுத்துக்கொண்டு போய்விடும். அவன் இங்கேயே இருப்பான். நானும் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு விடலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது வண்டியில் அவன் முதல் தடவை ஏறிய அன்று வெயில் தாழ்ந்திருந்தது. என் மனைவி துணி எடுக்க வந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். அவன் வால்வைக் கீழே வைத்தான். பலகை, உருளை, சுவர். மூன்றிலும் சக்கரம் கல்லாக நின்றது. “சூப்பர்ண்ணே, கவ்வுது” என்று சுவர் மேலிருந்து கத்தினான். நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரிதான். வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். கவனக்குறைவாக இருந்திருந்தால் உருளைக்கான வெள்ளைக் குறியில் வழவழப்பை விட்டிருப்பேன். மூன்றடி உயரம். கணுக்கால் பிசகியிருக்கும், எழுந்து நின்றிருப்பான், அடுத்த வருடம் இன்னொரு குழுவுக்குக் கிளம்பியிருப்பான். நான் கன்டெய்னருக்கான நீலக் குறியில் விட்டேன். யோசித்துத்தான் செய்தேன். ஆகவே ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிடுங்கள்.

தம்பிக்கு இது தெரியாது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று டாக்டர் சொன்ன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நான்தான்ணே பிரேக்க லேட்டாப் புடிச்சேன். நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத” என்றான். நான் தலையை வருடிக் கொடுத்தேன். என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகிற அன்று பின்சக்கரத்தை எடுத்து, ரிம்மைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரலை நிறுத்தினாள், பிறகு பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் களைப்பாக இருந்திருக்கும்.

நீங்கள் என்னைப் போலீஸுக்கு அழைத்துக்கொண்டு போகலாம், ஆட்சேபணை இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியின் பெண்டையும் நானே எடுத்திருக்கிறேன், ஓட்டம் சுத்தமாக இருக்கும். பிரேக் நெம்புகோலை மட்டும் பக்கத்திலிருந்து கழற்றி முதுகுப் பக்கம் மாற்றிவிட்டேன். அவன் கைக்கு எட்டாது. பின்னால் நிற்கிறவர்தான் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். அவனாகக் கிளம்பி எங்கேயாவது போய் விழுந்துவைத்தால் யார் பிடிப்பது, சொல்லுங்கள்.