ரூபனுக்குத் தனி கிளவுஸ்

கோயமுத்தூர் ஜில்லாவில் சாதி பார்க்காத ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்றால் அது நான்தானுங்க, இன்ஸ்பெக்டர் ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதற்குக் கீழே வந்தால் போதும்.

பெயர் மனோஜ்குமார். தொண்டாமுத்தூர் அப்புசாமி மகன். தொண்ணூற்று மூன்றில் எங்கள் மில் முதலாளி அமெரிக்கா போய்வந்த சூட்டில் பேஸ்பால் டீம் ஆரம்பித்தார். பந்து விளையாடினால் மாதச் சம்பளம் என்றதும் ஊரே சிரித்தது. நான் சேர்ந்தேன். ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் இடம் எனக்கு. சீறி வருகிற பந்தெல்லாம் அங்கேதான் வரும். பிறகு மேனேஜர் பதவியும் கொடுத்தார்கள்.

அப்புறம் ரூபன் வந்தான். கருமத்தம்பட்டிப் பையன், அப்பா அம்மா விசைத்தறியில் கூலி. பந்து அவன் கைக்குள் போவதைப் பார்த்தால் வீடு திரும்புகிற மாதிரி இருக்கும். நான்தான் அவனை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். எழுதிக்கொண்டீர்களா?

அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க கண்ணு. எந்த ஊருங்க?"

"கருமத்தம்பட்டிங்க."

"அட, நல்ல ஊரு. ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?"

"காலனிங்க."

அப்பா சிரித்தபடியே உள்ளே போனார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர் வந்தது. ரூபனுக்குக் குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் டம்ளர். ரெண்டே கேள்வியில் ஒரு மனுசனை அளந்துவிடுகிறார், அதுவும் இத்தனை 'ங்க' போட்டு. டீம் பசங்களிடம் அப்பா குரலிலேயே அதைப் பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூபனும் சிரித்தான்.

மறுநாள்தான் சிக்கல். டீமில் உருப்படியான கிளவுஸ் ஒன்றுதான், முதலாளி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. நானும் ரூபனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். அதுவரை ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்கு அவன் கழற்றிக் கொடுத்ததும் கையை விட்டேன். உள்ளே சூடும் ஈரமும். வேர்வைதான், என்னுடையதும் கலந்திருக்கும். ஆனால் விரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன்.

"கையில அடியா சாமி?" என்றாள் அம்மா.

ஆமாம் என்றேன்.

இதில் சாதி எங்கே இருக்கிறது? சுகாதாரம். அதனால் ஒரு பழைய கிளவுஸைத் தேடிப் பிடித்து அவனிடம் கொடுத்தேன்.

"தனியா எனக்கேவாங்ணா?" என்று பூரித்துப்போனான்.

பஞ்சு பிதுங்கிய அதை வைத்தே என்னைவிட நன்றாக ஆடினான். முதலாளி பார்த்தார். இனி ரூபன்தான் ஷார்ட்ஸ்டாப், நல்ல கிளவுஸ் அவனுக்கு, மனோஜ் வெளியே உட்கார்ந்து மேனேஜர் வேலையை மட்டும் பார்க்கட்டும் என்றார். நியாயமான முடிவு. நானே கை தட்டினேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள். என் சம்பளம் குறையவில்லை. அந்த கிளவுஸ் என் கை வடிவத்துக்குப் பழகியது, அவ்வளவுதான். என் கைக்குள் இன்னொருத்தன் கை நுழைகிறது என்று நினைத்தாலே வாந்தி தொண்டைக்கு வரும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வார் பின்னியிருக்கும், பந்து அங்கேதான் சிக்கும். அதைப் பின்பக்கமாக பிளேடால் முக்கால்வாசி அறுத்தேன். கையில் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டுதான். பயிற்சியில் பந்து அடித்துக் கொடுப்பது மேனேஜர் வேலை. கிட்டத்தில் நின்று, அவன் முகத்துக்கு நேரே, முழுப் பலத்தோடு அடித்தேன். வேறு யாராவது என்றால் குனிந்திருப்பான். ரூபன் கிளவுஸைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தான். பந்து வாரைப் பிய்த்துக்கொண்டு இடது கண்ணில் போய் இறங்கியது.

"கிளவுஸெல்லாம் ரத்தமாப் போச்சுங்ணா, கோவிச்சுக்காதீங்க" என்றான், தரையில் கிடந்தபடி. நான் தண்ணீர் கொடுத்தேன். செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன், கையேந்திக் குடித்தான். முதலுதவி அப்படித்தானே.

கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். வார் அறுந்ததல்ல, அறுத்தது என்று முதலாளி கண்டுபிடித்தார். ஆமாம், அறுத்தது நான்தான், அடித்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சாதிதான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது என் அப்பா மாதிரி ஆட்களுக்கு.

டீயா? ரொம்ப சந்தோசமுங்க. இந்தக் கான்ஸ்டபிள் தம்பியே போட்டாருங்களா, அவர் கையாலயே?

தம்பி, எந்த ஊருங்க உங்களுக்கு?

ஆனைமலையா. அட, நல்ல ஊரு.

ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?