ஊசியைத் தூக்கிய பிறகும்

இசைத்தட்டைத் தண்ணீரில் கழுவலாம். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் மட்டும் நனையக்கூடாது. எங்கள் வீட்டில் அது என் வேலையாக இருந்தது. பிறகு தங்கை வேண்டாமென்று தடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த அழுக்குதான் தேவைப்பட்டது.

பழைய தட்டுகளை மூட்டையாக வாங்கி வருவாள். பாட்டை விட்டுவிடுவாள். பாட்டு தொடங்குமுன் ஊசி உரசுகிற சரசரப்பு, கீறலில் தட்டுகிற சத்தம், எல்லாம் முடிந்தபின் தட்டு சும்மா சுற்றுகிற இரைச்சல், இவற்றைப் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். அதற்குப் பெயர் இசை. சின்ன வயதில் அவளுக்குச் சுருதியே நிற்காது. முறையாகப் பாட்டுக் கற்றவள் நான். என் கச்சேரிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். பாதியில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவளுடைய முதல் நிகழ்ச்சியில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். என் பாட்டுக்கு யாரும் அழுததில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு, பாரேன்" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கான வேலையில் அவள் மும்முரமாக இருந்த சமயம், ஒரு காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஊசியைத் தூக்கின பிறகும் இரையுது. உனக்குக் கேக்குதா?"

அவள் அறைக்குப் போய்க் காதுகொடுத்தேன். அறை நிசப்தமாக இருந்தது. அவள் இடது காதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"கேக்குதே," என்றேன். "ஸ்பீக்கர் வயரா இருக்கும்."

நம்பினாள். என் பாட்டைப் பொருட்படுத்தாதவர்கள்கூட என் காதை மதிப்பார்கள். வயரை மாற்றினாள். ஸ்பீக்கரையே மாற்றினாள். பிறகு, இடப்பக்கம் யார் பேசினாலும் மந்தமாக இருக்கிறதென்று காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது, வரவில்லை என்றேன். அவளிடம், டாக்டர் ஊரில் இல்லையாம் என்றேன்.

விவரம் தெரியாமல் செய்ததாக நினைக்க வேண்டாம். என் பாட்டு டீச்சருக்கும் இப்படித்தான் திடீரென்று ஒரு காது இரைந்து அடைத்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். உடனே மருந்து ஆரம்பித்தால் மீட்க வழியுண்டு, நாளைக் கடத்தினால் போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னதும் என்னிடம்தான். டீச்சருக்குக் காது திரும்பிவிட்டது.

நிகழ்ச்சியெல்லாம் முடிந்தபின் தங்கையைக் கூட்டிப்போனேன். இடது காது முழுக்கப் போயிருந்தது.

அவளை நான் தொடக்கூட இல்லை. கேட்டதற்கு ஆமாம் என்றேன். இப்போது அவள் எதைப் பதிவுசெய்தாலும், இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று கேட்டுச் சொல்வது நான்தான். சில இடங்களை வெட்டச் சொல்கிறேன், மறுபேச்சில்லாமல் வெட்டுகிறாள். போன வாரம் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன், அக்கா" என்றாள்.

என் அருமை எங்கள் வீட்டில் ஒருத்திக்காவது தெரிந்ததே என்று நிம்மதியாக இருந்தது.