ராஜா முகம் காயட்டும்

...ஓவன்ல வெச்சாராம் சார்! கேக் சுடற ஓவன்ல! சொட்டச் சொட்ட நனைஞ்ச தோலை! அது முகமூடியா, இல்ல பன்னா, நீங்களே சொல்லுங்க. உக்காருங்க, உக்காருங்க... ஐயோ அதுல வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இந்த முக்காலியில உக்காருங்க. உங்க ராஜா முகம் உள்ள ரூம்ல காஞ்சுக்கிட்டு இருக்கு. நாடகம் ராத்திரிதானே? மத்தியானமே வந்து நின்னா எப்படி? சரி, வந்தது வந்துட்டீங்க.

எங்க விட்டேன்? ஆங், ஓவன். என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பத்தி நான் தப்பாப் பேசக் கூடாது. எதிர்வீடு, சந்து வேற குறுகல், பேசினா காதுல விழும். ஆனா தப்பாப் பேசலன்னா அவரைப் பத்திப் பேச வேற என்னதான் இருக்கு? ஃபோன்ல நாலு வீடியோ பாத்தாரு. மறுநாளே வாசல்ல பலகை, 'தோல் கலைஞர்'னு. கலைஞராம்! ஆணி அடிச்சா சுவரு விழும், இவரு கலைஞர். நீங்களும் அந்தப் பலகையை நம்பிப் போய் நின்னீங்க பாருங்க, உங்களைச் சொல்லணும்.

கோவிச்சுக்காதீங்க. உங்க மேல பரிதாபத்துலதான் இந்த வேலையையே எடுத்தேன். இருவது வருஷமா ஈட்டி புடிச்சுக்கிட்டு மூலையில நிக்கற வேஷம், இப்பத்தான் ராஜா வேஷம் வந்திருக்கு, முகமூடி இல்லாம வந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு உங்க நாடக வாத்தியார் மிரட்டறாருன்னு சொன்னீங்களே, கேட்டு எனக்கே மனசு தாங்கல. அப்படிப்பட்ட முகத்தை ஓவன்ல வெச்சுச் சுருட்டி, வதங்கின கத்திரிக்காய் மாதிரி கையில குடுத்தாரே!

"குறைஞ்ச சூட்டுலதான் வெச்சேன் அக்கா"ங்கறாரு. ஓவன் குமிழ்ல எழுதியிருக்கற நம்பரை நம்பறதா? அது ஒண்ணு சொல்லும், உள்ள கம்பி சிவந்துக்கிட்டு வேற ஒண்ணு பண்ணும். காஞ்ச தோலாவது கொஞ்சம் தாங்கும் சார். ஈரத்தோல் தாங்கவே தாங்காது. சூடு பட்டுதோ, சுருங்கிக் கட்டையாயிடும். மறுபடி நனைச்சுப் பாத்தாலும் வராது. நான் கேட்டேன், "ஏன் மாப்பிள்ளை, உங்க பிள்ளைக்குப் பால் சூடு எப்படிப் பாக்கறீங்க? மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுத்தானே? அந்த மணிக்கட்டை ஓவனுக்குள்ள நீட்டுங்க. உங்களுக்கு வெதுவெதுன்னு சுகமா இருந்தா தோலுக்கும் சுகம். கையை இழுத்துக்கிட்டா, தோலும் அப்படித்தான் இழுத்துக்கும்." தவழற பிள்ளை இருக்கற வீட்டுல, ஓவன் கதவைப் பாதி தொறந்து வெச்சுட்டு இவரு கலை பண்றாரு. பிள்ளையைத் தூக்கி என் தங்கச்சி இடுப்புல வெச்சுட்டுத்தான் மறுவார்த்தை பேசினேன்.

அப்புறம் நானே உக்காந்து சொல்லிக் குடுத்தேன். நனைச்ச தோலை முக அச்சு மேல அழுத்தினப்புறம் எடுக்காதீங்க, அது மேலயே காயட்டும். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், அடுப்புப் பக்கமே போக வேண்டாம். ஃபேனைப் போட்டுட்டுப் பேசாம இருங்கன்னேன். அதோ, ஜன்னல் வழியா பாருங்க... அங்க, ஃபேனுக்கு முன்னாடி. அதான் அவர் செஞ்ச ரெண்டாவது ராஜா. உங்க முகத்துல எடுத்த அச்சு ரெண்டு இருந்ததுல்ல, ஒண்ணை அவர்கிட்டயே விட்டுட்டு வந்திருக்கீங்க. மூணு நாளா அதை அசைக்கல மனுஷன். நான் சொன்னதை அப்படியே செய்யறாரு. சொந்தமா யோசிக்கத் தெரிஞ்சாத்தானே! மூக்கு வேற கோணல்.

நம்ம முறையே வேற. மரப்பெட்டி, உள்ள ஒரு சின்ன பல்பு, தோல்ல படாம இருக்கக் கம்பி வலை, மேல காத்துப் போக ஓட்டை. அதுவும் ரெண்டு நாள் ஃபேன்ல ஈரம் போனப்புறம்தான் பெட்டிக்கே போகும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு நாள் ஆச்சான்னா? எங்க சார்... நேத்து சாயங்காலம்தான் தோலையே நனைச்சேன். அந்த வீட்டுக்குப் போய் அவரைத் திருத்தறதுக்கே நேரம் சரியாப் போச்சு. பரவாயில்ல, இன்னிக்கு ஒரு நாளைக்குப் பெரிய பல்பு மாட்டியிருக்கேன். அச்சுலேருந்தும் கழட்டிட்டேன், உள்பக்கமும் சட்டுனு காயட்டும்னு. மத்தவங்க பண்ணக் கூடாது, தெரிஞ்சவங்க பண்ணலாம். பக்கத்துலயே நிக்கணும், அவ்வளவுதான். மணிக்கட்டை நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரக் கூடாது. நானும் அப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்தேன், நீங்க வந்து மணி அடிச்சீங்க...

என்ன ஒரு நாத்தம்? முடி பொசுங்கற மாதிரி? பாத்தீங்களா, மறுபடியும் ஓவனை மூட்டிட்டாரு! திருந்தாத ஜென்மம். இருங்க, ஜன்னல்லேருந்தே நாலு வார்த்தை... இல்லையே. அங்க ஃபேன்தானே ஓடுது. முகம் அப்படியே இருக்கே.

ஐயோ.

வராதீங்க, வராதீங்க, ஸ்விட்சை அணைச்சுட்டேன்... ஸ்ஸ், சுடுது! ஏன் சார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, "பெட்டியைப் போய்ப் பாருங்கம்மா"ன்னு? வந்ததுலேருந்து வாயே தொறக்கல நீங்க! பேச வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா உங்களை?

போட்டுத்தான் பாருங்களேன். கொஞ்சம் இழுத்து... வாய் இருக்கற இடத்துல உங்க மூக்கு வருது. தாடை வெளியில நிக்குது. ஏன் சார்... அந்த ராஜாவுக்குச் சின்னப் பிள்ளை யாரும் இல்லையா நாடகத்துல?

சார்... சார், பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்! எதிர்வீட்டுப் பக்கம் எங்க போறீங்க? மணியை அடிக்காதீங்க சார்! அது கோணல் மூக்கு சார்!