வால்வு என்றால் குழாயா?

நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, சற்றுமுன் தீர்மானத்தை வாசித்துவிட்டுத் தண்ணீர் அருந்திக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, இந்தக் குடியிருப்புக்குக் கூரை போட்ட நாள் முதல் குடியிருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அந்தப் பணிவு இந்த வணக்கத்தோடு முடிகிறது. பொறுத்தருள வேண்டும்.

என்ன வாசித்தார் செயலாளர்? "வால்வு வேலைகளுக்குத் தனியே பணியாளர் இருப்பதால், படிக்கட்டின் கீழுள்ள அறையை மீட்டு, அங்குள்ள பழம்பொருள்களை நாளை அகற்றுவது" என்று வாசித்தார். நீங்களும் கை தட்டினீர்கள். எதற்குக் கை தட்டினோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பழம்பொருள்கள் என்னுடையவை. அந்த வால்வுகளும் என்னுடையவை. ஆனால், பெரியோர்களே, அவை தண்ணீர்க் குழாயின் வால்வுகள் அல்ல.

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததன்று. ஒருநாள் மேல்மாடி அத்தை என் கதவைத் தட்டினார். "கண்ணு, எங்க சமையலறைக் குழாய் சொட்டு சொட்டா ஒழுகுது. நீதான் வால்வு ரிப்பேர் பண்றியாமே?"

"அத்தை, அது வேற வால்வு."

"எந்த வால்வா இருந்தா என்ன, ஒழுகுறது ஒழுகுறதுதானே?"

அன்று சிரித்தேன். மறுநாள் பிளம்பர் அண்ணன் படிக்கட்டில் வழிமறித்து, "அக்கா, நீங்க படிச்சவங்க, எங்க பொழப்புல வந்து நிக்கலாமா?" என்றபோதும் சிரித்தேன். சிரித்தது என் பிழைதான். ஏனென்றால் அதே குழப்பம் மெல்ல மெல்ல மாடியேறி, செயலாளரின் மேசையேறி, இன்று தீர்மானமாக மேடையேறிவிட்டது.

படிக்கட்டு அறையில் புதுப் பூட்டுத் தொங்கியதைப் பார்த்ததும் செயலாளரிடம் ஓடினேன். "ஐயா, என் வால்வுல தண்ணியே கிடையாது. காத்துகூடக் கிடையாது" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தண்ணியும் இல்ல, காத்தும் இல்லன்னா, அப்புறம் அது எதுக்கும்மா?"

சிரியுங்கள். கதவில் பூட்டில்லாதிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

எதற்கு என்று கேட்டாரே, சொல்கிறேன். பழைய ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்குமே, காற்றை முழுக்க உறிஞ்சியெடுத்த அந்தக் குமிழ்தான் வால்வு. அந்த வால்வை வைத்து மின்னழுத்தம் அளக்கும் கருவிதான் வால்வு வோல்ட்மீட்டர். தடித்த தகரப் பெட்டி, உள்ளங்கை அகல முகப்பு, மயிரிழை போல ஒரு முள். சாதாரண மீட்டர் அளக்கப் போன இடத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் தானே குடித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். இதுவோ, இருப்பதைக் குலைக்காமல், எடுத்ததும் தெரியாமல் அளந்து சொல்லும். குலைக்காமல் அளக்கும் கருவியை, அளக்காமலே குலைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்.

முதல் மீட்டரைப் பழைய சாமான் கடையில் பார்த்தேன். "எடைக்குத்தான்கா போகும், இதுக்கு உயிரில்ல" என்றார் கடைக்காரர். திறந்து பார்த்தால், யாரோ எடுக்க மறந்த பாட்டரி உள்ளேயே கசிந்து, பச்சைப் பாசியாய்ப் படர்ந்து, தகட்டைத் தின்றிருந்தது. வினிகர் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். புதுத் தகடு வைத்தேன். வயரை மாற்றினேன். அப்படியும் முள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது. வால்வை மாற்றிச் செருகி, அது சூடேறும்வரை காத்திருந்து, முள்ளைச் சரிசெய்யும் திருகை மெல்லத் திருப்பினேன். முள் தள்ளாடியது, தயங்கியது, பின் சுழியத்தில் வந்து நின்றது. பிள்ளை பிறந்ததிலிருந்து, பால் குடித்ததா, பல் முளைத்ததா என்பதைத் தவிர எவரும் என்னை எதுவும் கேட்டதில்லை. நான் இயற்பியல் படித்தவள் என்பதை எனக்கே நினைவூட்டியது அந்த முள்தான்.

முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு கரண்டுல விளையாடலாமா?" கேட்டுவிட்டது, ஐயா. என் மாமியாரும் இதைத்தான் கேட்டார்.

நான் பயந்தாங்கொள்ளி. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பவள். பார்த்துவிட்டு வந்து படுத்து, மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பவள். அணைத்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும் என்று தெரிந்தவள். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, பதுங்கியதை வடித்துவிட்டுத்தான் தொடுவேன். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். இரு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். இந்தப் பயம் குறையல்ல. இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி.

அந்தப் பயத்தால்தானே உங்களிடம் அறை கேட்டேன்? என் மகள் தவழும் தரையில் இவை இருக்கக் கூடாது, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும் என்றுதானே கேட்டேன்? ஆகாத குடையும் அறுந்த செருப்பும் அடைந்து கிடந்த இருட்டறையைப் பெருக்கி, வெள்ளையடித்து, விளக்குப் போட்டவள் யார்? பிள்ளையின் பெயரைச் சொல்லி அறையைப் பூட்டுகிறவர்களே, இந்த ஆபத்தைப் பிள்ளை படுக்கும் அறைக்குக் கொண்டுபோகச் சொல்கிறீர்களா? அல்லது கைவிடச் சொல்கிறீர்களா? கைவிடத்தான் சொல்கிறீர்கள் என்றால், அதை நேராகச் சொல்லுங்கள். குழாய்க்குப் பின்னால் ஒளியாதீர்கள்.

மாடியில் ஒருவர் மீன் வளர்க்கிறார். எதற்கு என்று கேட்டீர்களா? ஒருவர் தபால்தலை ஒட்டுகிறார். பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டீர்களா? ஆண் செய்தால் ஆர்வம், அம்மா செய்தால் அடாவடியா? உலகத்துக்கு உபயோகம் என்று நிரூபித்தால்தான் ஒரு பெண் ஒரு மணிநேரம் தனியாக ஒரு வேலையில் மூழ்கலாமா?

"சரிம்மா, என்ன வேணும்னு சொல்லு" என்கிறார் தலைவர். சொல்கிறேன், ஐயா. கதவைத் திறந்து பாராமலே போட்ட இந்தத் தீர்மானத்தை இந்த அவையே, இப்போதே நீக்க வேண்டும். நாளைக் காலை பழைய சாமான் வண்டி வந்த பிறகு எனக்கு உங்கள் நியாயம் தேவைப்படாது. நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

மேல்மாடி அத்தை, நன்றி. தபால்தலைக்காரரே, நன்றி. செயலாளர் வீட்டு அக்கா, நீங்களுமா? செயலாளர் ஐயா, அவரை அப்படிப் பார்க்காதீர்கள், அவர் தூக்கியது அவருடைய கையைத்தான். பாப்பாவை மடியில் வைத்திருக்கும் என் மாமியார் அத்தையே, நீங்கள் எதிரணி என்றல்லவா நினைத்தேன்? உங்கள் கை போதும், பாப்பாவின் கையையும் சேர்த்துத் தூக்காதீர்கள், அவளுக்கு இன்னும் வாக்கு வரவில்லை.

தலைவர் தலையசைத்துவிட்டார், தீர்மானம் நீங்கியது. வண்டியைத் திருப்பி அனுப்புவது செயலாளர் ஐயாவின் பொறுப்பு.

தூக்கிய கைகளுக்கு என் நன்றி. தூக்காமல் மடியிலேயே கிடக்கும் கைகளுக்கு என் வணக்கம்.