புகை வந்த தட்டு

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவரை அவர் மகள் மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறாள்.

"ஆறு தட்டு வந்துச்சு. ஆறும் சேர்ந்து எனக்கு ரெண்டு வாய்."

"அம்புட்டுத்தானா மதினி?"

"ஆனா அடுக்கியிருந்த நேர்த்தி இருக்கே, கிஃப்ட் பாக்ஸ்ல வெடி அடுக்குற நாமளே தோத்தோம். கடைசித் தட்டுக்கு கண்ணாடி மூடி. திறந்தா குபுகுபுன்னு புகை. ஜக்குத் தண்ணிய அப்படியே ஊத்திட்டேன்."

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. இறங்கவில்லை.

"அய்யய்யோ! உள்ள என்ன இருந்துச்சு?"

"கோழித்துண்டு. புகை அழகுக்காம். சுத்தியிருந்தவுக போன்ல படம் எடுத்தாக, ஒருத்தரும் எந்திரிக்கல."

"மக வெக்கப்பட்டிருப்பாளே?"

"அவளா? கம்பெனி வாசலையே மிதிக்காத பிள்ளை. நான் ஊத்தி முடிக்கும் முன்ன என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு ஓடிட்டா. வாசல்ல நின்னு பாக்கேன், அவ இடுப்புல பக்கத்து மேசைக்காரக குழந்தை."