தம்பி எழுந்தாச்சா?

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகுக்கு நின்ற வரிசையில், தோளில் கேபிள் சுருள் மாட்டிய இளைஞன் பின்னால் நின்ற பெண்ணிடம் சொன்னான்:

“நான் நெட் போட்டுக் கொடுத்த வீட்டுல, தம்பி எழுந்தாச்சான்னு அண்ணன் எனக்கு ஃபோன் பண்ணிக் கேக்கறார்க்கா.”

“எடா, ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?”

“பாகம் பிரிச்சதுலேருந்து பேச்சில்லை. மொட்டைமாடியில வயரில்லாம நெட் பிடிக்கிற ரேடியோ வச்சுக் கொடுத்தேன். அதுல ரெண்டு போர்ட். ஒண்ணு மாடியில அண்ணனுக்கு, இன்னொண்ணு கீழ தம்பிக்கு. எதுல எவ்வளவு நெட் டிராஃபிக் ஓடுதுன்னு ஆபீஸ்லேருந்தே எனக்குத் தெரியும், ஓடினா ஆள் எழுந்தாச்சுன்னு அர்த்தம். அதை அண்ணன் கண்டுபிடிச்சிட்டார்.”

“தம்பி?”

“அவரும்தான். மணிக்கொருதரம் மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க.”

“நீ சொல்லிருவியா?”

“சொல்லலைன்னா கனெக்‌ஷனே வேண்டாம்பாங்க. இப்ப ஒருத்தருக்கொருத்தர் பயந்து ரெண்டு பேருமே நெட்டை அணைச்சுட்டாங்க. ஆனா ஃபோன் மட்டும் நிக்கலை.”

படகு வந்து இடித்தது. வரிசை நகரவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“அப்ப அந்த ரேடியோல ஒண்ணுமே ஓடலையா?”

“ஓடுதேக்கா. ஏதாவது ஓடுதான்னு நான் ஆபீஸ்லேருந்து பாக்கறேன்ல, அந்த டிராஃபிக் மட்டும் ஓடுது.”