மரத்தேமல்

காடிய ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். ஒரு நிமிசம் லா. கதவப் புடிச்சிட்டு நிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க, விட்டா நீங்க ஈப்போ ஆபீசுக்குப் போயிருவீங்க. இந்த பிஸ்கட் டின்ன மட்டும் தொறந்து பாருங்க.

பூச்சி எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. கித்தா மரப்பட்ட, பால் வெட்டுற ரப்பர் மரம். அதுமேல வெள்ளையா, ஓரம் சுருண்டு, ஒட்டிட்டு இருக்குல்ல, அதத்தான் காட்டணும்னு ஓடி வந்தேன். ஐயோ தொடாதீங்க, உதுந்திரும். நாங்க மரத்தேமல்னு சொல்லுவோம். மனுசனுக்குத் தேமல் படர்ற மாரி மரத்துல படரும். படிச்சவங்க லைக்கன்னு சொல்றாங்க. பிரியாணிக்குக் கல்பாசி போடுவமே, அதுக்குச் சொந்தக்காரன்.

நல்லா இருக்கிறப்ப இப்படி இருக்காது சார். சாம்பல் பச்சையா, சின்னதா முட்டக்கோஸ் எல விரிஞ்ச மாரி இருக்கும். மழத் தண்ணி பட்டுச்சுன்னா கண்ணு முன்னாலயே பளிச்சுனு பச்சையாயிடும். இது செத்துப் போச்சு. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன். எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால இருந்த கடேசித் துண்டு.

இல்ல சார், பைத்தியம் எல்லாம் இல்ல. கேளுங்க.

ஷர்மினின்னு ஒரு புள்ள, அப்ப யுனிவர்சிட்டில படிச்ச புள்ள. கோப்பெங் பக்கம் எங்க தோட்டத்துல மட்டும் இன்னும் பழைய கித்தா மரம் நிக்கிதுன்னு கேள்விப்பட்டு வந்துச்சு. காத்து சுத்தமா இருக்கிற சிலிம் ரிவர் ஊருலேர்ந்து இந்தத் தேமலப் பட்டையோட வெட்டி எடுத்தாந்து, தூண்டில் நரம்பால இங்க மரத்துல எல்லாம் கட்டுச்சு. அந்தா, தகர வேலி போட்ட கிலாங் தெரியிதுல்ல, பழைய பிளாஸ்டிக் அரைக்கிற பேக்டரி, அதுக்குக் கிட்டக் கொஞ்சம். எங்க லயத்துக்குப் பின்னால கொஞ்சம். மலைய ஒட்டிக் கொஞ்சம். எதுக்கும்மா இதுன்னு கேட்டேன். ஆன்ட்டி, இதுக்கு வேர் கெடையாது, எல்லாத்தயும் காத்துலேர்ந்துதான் எடுக்கும், காத்து கெட்டுச்சுன்னா இதுதான் மொதல்ல காட்டிக் குடுக்கும்னுச்சு.

காட்டிக் குடுக்கும். அந்த வார்த்த என்னப் புடிச்சிக்கிச்சு சார்.

நான் பாத்துக்கிறேம்மா, நீ அலைய வேணாம்னு சொன்னேன். கத்துக் குடுத்துச்சு. பைப்புத் தண்ணி ஆகாது, அதுல குளோரின் மருந்து. கூரைலேர்ந்து வடியிற மழத் தண்ணியும் வேணாம், தகரம். வெட்டவெளில பானைய வச்சிப் புடிக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள தெளிக்கணும். எந்நேரமும் ஈரமா இருந்தா அழுகிரும், நனைஞ்சி காயணும். நத்த ஏறுச்சுன்னா ஒரே ராத்திரில மேய்ஞ்சிட்டுப் போயிரும், அதப் பொறுக்கணும். வளர்றதா? அதக் கேக்காதீங்க. ஒரு வருசம் பாத்துக்கிட்டாலும் நகக்கண்ணு அளவுக்கு நகந்திருக்காது. லயத்துல எல்லாருக்கும் சிரிப்பு. குமுதா மரத்துக்குத் தாலாட்டுப் பாடுறாளாம்.

வேலிக்கிட்ட இருந்ததுதான் மொதல்ல போச்சு. ஓரம் வெளுத்துச்சு, நடுவுல ஒரு மாரி ரோஸ் கலர் வந்துச்சு, அப்புறம் ஊதுனா பறக்கிற பொடி. மலையோரத்துலேர்ந்து நல்லதா பாத்து எடுத்தாந்து திருப்பிக் கட்டுனேன். அதுவும் போச்சு. சரி, லயத்துக்குப் பின்னால இருக்கிறதயாவது காப்பாத்துவோம்னு, கிலாங் பொக வர்றப்ப எல்லாம் என் சாரோங் துணிய நனைச்சு மரத்தச் சுத்திக் கட்டுவேன். கட்டிட்டு அது மேலயே சாஞ்சி நிப்பேன். சிரிங்க சார், பரவால்ல.

உங்க மேல தப்பு சொல்லல. கிலாங் பொகையப் பத்தி நான் புகார் குடுத்தப்ப எல்லாம் வந்தீங்க, மிசின வச்சிப் பாத்தீங்க. மிசின் காத்து நல்லா இருக்குன்னு சொல்லுச்சு. நெசமாவே நல்லாதான் இருந்துச்சு, நல்ல வெயிலு அன்னிக்கு. வெயில் அடிச்சா அவங்க எரிக்க மாட்டாங்க சார். இதோ இந்த மாரி, தூத்தல் போட்டு, சுண்ணாம்பு மலைய மேகம் மூடுதுல்ல, அப்பதான் எரிப்பாங்க. வயர் தோலு, விக்காத பிளாஸ்டிக், எல்லாத்தயும் பின்னால தொங்குல, இரும்புப் பீப்பாயில போட்டு. பொக மேகத்தோட மேகமா போயிரும். எவனுக்கும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும்னா, தோட்டத்துல எல்லாருக்கும் எல்லாந் தெரியும் லா.

தவுக்கேயா, மொதலாளியா? அவன் வர்றதே இல்ல, எங்கயோ இருக்கான். இங்க ஆளுங்கள வேல வாங்குறது, எல்லாம் பாத்துக்கிறது ஒரு மண்டோர். நம்ம ஆளுதான். கெட்டவரு இல்ல சார், அப்படி எழுதிராதீங்க. இதே தோட்டத்துல பால் வெட்டிட்டு இருந்தவரு. காலம் பூரா மண்டோர் ஏச்சு வாங்கியே வளர்ந்த மனுசன். தோட்டத்த வித்த பொறவு ஈப்போவுல ஜாகா வேல, வாட்ச்மேன் வேல பாத்தாரு, வயசாச்சுன்னு நிப்பாட்டிட்டாங்க. கொஞ்ச காலம் எங்கயும் வேல இல்ல. வாசல்ல ஒக்காந்து மோட்டார் சைக்கிள தொடச்சிக்கிட்டே இருப்பாரு, போறதுக்கு எடமில்லாம. அப்பதான் இந்த தவுக்கே வந்து, நீதான் மண்டோர், இந்த பங்களாதேஷ் பசங்க எல்லாம் நீ சொன்னாதான் கேப்பாங்கன்னுட்டான். அன்னிக்கு அந்த மனுசன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். கடையில போயி சட்ட வாங்குனாரு, நீலக் கலரு, காலர் வச்சது.

பசங்களுக்கு நெருப்புன்னா பயம். அதனால இவரே கொளுத்துவாரு. பக்கத்துலயே நின்னு கம்பியால கிண்டி விடுவாரு. இப்ப இருமுறாரு சார். கறுப்பாத் துப்புனாரு மொதல்ல, இப்ப ரத்தம் கலந்து வருது. கிளினிக் டாக்டரு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லி எத்தனையோ தடவ சொல்லிட்டாரு. போ மாட்டேங்கிறாரு. எங்கப்பா கித்தா ஷீட்டு காயப் போடுற பொக வீட்டுல காலம் பூரா கெடந்தாரு, எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு, எனக்கு என்ன ஆயிரப் போவுதுன்னு கேப்பாரு. அது வெறகுப் பொக. இது வேற பொகைன்னு யாரு சொல்றது? சொன்னாங்க. அழுது சொன்னாங்க, கால்ல விழுந்து சொன்னாங்க. வேலைய விட்டா நான் யாருன்னு கேக்கிறாரு சார்.

என்ன சார்?

இது செல்லாதா? ஆபீஸ்ல இத வச்சி ஒன்னும் பண்ண முடியாதா? பட்டையோடவே கொண்டாந்திருக்கேன், கொண்டு போயி பாக்கச் சொல்லுங்க. ஷர்மினிகிட்ட கேளுங்க, அது இப்ப பினாங்குல வேல பாக்குது, நம்பர் தரேன்.

சரி சார். சரி. அந்தப் புள்ளயும் போன்ல இதத்தான் சொல்லுச்சு. ஆன்ட்டி, காத்து கெட்டுப் போச்சுன்னு இது சொல்லும், யாரு கெடுத்தாங்கன்னு சொல்லாது. நான்தான் கேக்கல. இது பேசிரும், நான் வாயத் தொறக்க வேணாம்னு நெனச்சி நெனச்சி தண்ணி தெளிச்சிட்டு இருந்தேன். இது செத்தா நீங்க நம்புவீங்கன்னும் இருந்துச்சு, சாகக் கூடாதுன்னும் இருந்துச்சு. ரெண்டையும் ஒன்னா வேண்டிக்கிட்டு எந்தக் கோயில்ல போயி நிக்கிறது சார்?

நெருப்பு எரியிறப்ப புடிச்சாதான் கேஸ் நிக்குமா? அப்ப வாங்க. இப்பவே வாங்க. இப்ப எரியிது சார். மழ விட்டுச்சுன்னா அணைச்சிருவாங்க. சத்தியமா எரியிது. முன் கேட்டுக்குப் போவாதீங்க, நாய் இருக்கு, கொலச்சிதுன்னா தொங்குல தண்ணிய ஊத்திருவாங்க. இந்த மண் ரோட்டுலயே போயி ஆத்தோரமா திரும்புங்க. பின்னால ஒரு சின்னக் கேட்டு இருக்கு, மூச்சு முட்டுதுன்னு அவரு அத பூட்டாம வச்சிருப்பாரு.

பசங்க ஓடுவாங்க. அவரு ஓட மாட்டாரு. ஓடுனா மூச்சு நின்னுரும். தொரத்தாதீங்க சார், அத மட்டும் கேட்டுக்கிறேன். கத்தாதீங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க, திரும்பிப் பாப்பாரு. கார்த்திகேசு. எழுதிக்குங்க, கார்த்திகேசு. நீலச் சட்ட.

இன்னிக்கு அவரு அங்க இருக்காருன்னு எப்படித் தெரியும்னா... வானத்தப் பாத்துட்டு, இன்னிக்கு மழ புடிச்சிக்கும், வேல இருக்கும், நான் வர நேரமாவும்னு சொல்லிட்டுப் போனாரு. காலைல நான்தானே சார் சோறு கட்டிக் குடுத்தேன். நெத்திலிச் சம்பலும் முட்டையும்.

ஆமா. என் வீட்டுக்காரருதான்.

ஏன் இப்படிப் பாக்கிறீங்க? வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்ன? ஜெயில்னா ஜெயில். அங்க டாக்டர் இருப்பாங்கல்ல? படம் எடுப்பாங்கல்ல? மாட்டேன்னு சொன்னா விட மாட்டாங்கல்ல?

நான் வரல. நீங்க போங்க, நேரமாவுது. யாரு சொன்னாங்கன்னு கேப்பாரு சார். மறைக்காதீங்க, குமுதான்னு சொல்லிடுங்க. சாவுற வரைக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டாரு, தெரியும். முழிக்க வேணாம். கோவத்தோட எங்கயாவது உசுரோட இருக்கட்டும்.